துத்தநாகம் தின்ற படகு

1838 செப்டம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் நெவா ஆற்றில் ஒரு படகு போனது. துடுப்புப் போட ஆள் இல்லை, பாய் இல்லை, புகைபோக்கியும் இல்லை. உள்ளே ஒரு டஜன் பேர் உட்கார்ந்திருந்தார்கள். வேகம் மணிக்கு சுமார் இரண்டரை கிலோமீட்டர். கரையில் நடக்கும் பாட்டிகூட முந்திவிடலாம். ஆனால் எடிசன் பிறக்கவே இன்னும் எட்டு வருடத்துக்கு மேல் இருந்த காலத்தில், மின் மோட்டாரில் ஓடிய படகு அது.

ஓட்டியவர் மோரிட்ஸ் யாகோபி, காசு கொடுத்தவர் ஜார் மன்னர் முதலாம் நிக்கோலஸ். கல்லூரியில் நான் மனப்பாடம் செய்து எழுதிய 'மேக்ஸிமம் பவர் டிரான்ஸ்ஃபர்' தேற்றம் இந்த யாகோபியுடையதுதான். இரண்டு மார்க் கேள்வி. படகைப் பற்றி யாரும் மூச்சுகூட விடவில்லை!

யாகோபியின் சிக்கல் மோட்டாரில் இல்லை. சார்ஜ் ஏற்றும் பேட்டரி என்பதே அன்றைக்குக் கிடையாது. இருந்த பேட்டரியில், அடுப்பில் கரி எரிவதுபோல அமிலத்தில் துத்தநாகம் கரையும். கரைந்து தீர்ந்தால் புதுத் தகடு போடணும். அந்தத் துத்தநாகத்தை உருக்கி எடுப்பதற்கோ கரியைத்தான் எரிக்கணும். மறுவருடம் யாகோபி பிளாட்டினமும் நைட்ரிக் அமிலமும் சேர்ந்த பேட்டரிக்கு மாறினார். வேகம் மணிக்கு நான்கு கிலோமீட்டர் ஆனது. கூடவே மூச்சை அடைக்கும் பழுப்புப் புகையும் வந்தது.

1841ல் ஜேம்ஸ் ஜூல் கணக்குப் போட்டுப் பார்த்தார். மது வடிக்கும் ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளை, செலவுக் கணக்கு ரத்தத்திலேயே ஊறியது. நல்ல நீராவி இயந்திரத்தில் ஒரு பவுண்டு கரி செய்யும் வேலையில் நாலில் ஒரு பங்கைக்கூட ஒரு பவுண்டு துத்தநாகம் செய்யவில்லை. விலையோ பல மடங்கு. கதை முடிந்தது என்றுதான் அன்றைக்கு எல்லோருக்கும் தோன்றியிருக்கும்.

எனக்குத் தூக்கம் கெடுத்த விஷயம் வேறு. யாகோபி இரண்டாவது படகை விட்ட அதே 1839ல், பாரிஸில் எட்மண்ட் பெக்கெரல் என்ற பத்தொன்பது வயதுப் பையன், அமிலக் கரைசலில் வைத்த தகடுகள்மீது வெளிச்சம் பட்டால் மின்சாரம் வருவதைக் கண்டான். எதையும் கரைத்துத் தீர்க்காத மின்சாரம். சூரியப் படகின் இரண்டு பாதிகளும் ஒரே வருடத்தில், ஒரே கண்டத்தில் இருந்தன. ஒரே படகில் வந்து உட்கார நூற்று முப்பது வருடத்துக்கு மேல் ஆனது.

நடுவில் என்ன நடந்தது? 1881 மே மாதம் குஸ்தாவ் த்ரூவே பாரிஸின் ஸேன் ஆற்றில் ஐந்தரை மீட்டர் படகை மின்சாரத்தில் ஓட்டினார். மோட்டாரைச் சுக்கானோடு கழற்றி மாட்டும்படி செய்திருந்தார். இன்றைய அவுட்போர்டு மோட்டாரின் பாட்டன் அது. அதற்குள் சார்ஜ் ஏற்றும் ஈய-அமில பேட்டரியும் புழக்கத்துக்கு வந்துவிட்டது. தேம்ஸ் நதியில் மின்படகுகள் ஓடின, சார்ஜ் ஏற்ற மிதவை நிலையங்களே இருந்தன. 1893 சிகாகோ கண்காட்சியில் மட்டும் 55 மின்படகுகள். எல்லாம் பணக்காரர்கள் வெள்ளை உடையில் உல்லாசம் போக. பிறகு பெட்ரோல் இன்ஜின் வந்தது. அதற்குச் சார்ஜ் நிலையம் வேண்டாம், ஒரு டின் போதும்.

சிலிக்கான் சோலார் செல் 1954ல்தான் பெல் ஆய்வகத்தில் வந்தது. 1975ல் இங்கிலாந்தின் ஆலன் ஃப்ரீமன் அதைப் படகில் ஏற்றினார். 2012ல் ஒரு பெரிய சூரியப் படகு 584 நாளில் உலகையே சுற்றி முடித்தது. சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் யாரும் அதில் ஏறி ஆபீஸுக்குப் போகவில்லை.

வைக்கம் படகில் போகிறார்கள். வைக்கம் என்றால் நமக்கு 1924ம் பெரியாரும்தான் நினைவுக்கு வரும். அந்த ஊர்ப் படகுத்துறையிலிருந்து வேம்பநாட்டுக் காயலைத் தாண்டி தவணக்கடவுக்கு, 2017 ஜனவரி முதல் 'ஆதித்யா' ஓடுகிறது. கேரள நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகு. 75 பேர் போகலாம், நீளம் 20 மீட்டர், கூரையில் 20 கிலோவாட் பேனல்கள்.

இவ்வளவு பேரை இழுக்க 20 கிலோவாட் எப்படிப் போதும்? ஒரு கார் இன்ஜினே அதைவிடப் பெரிது. விடை தண்ணீரில் இருக்கிறது. படகின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய எட்டு மடங்காகும். அதையே திருப்பிப் போடுங்கள். பாதி வேகத்துக்கு எட்டில் ஒரு பங்கு போதும். ஆதித்யா இரட்டை உடல் படகு. ஒவ்வொரு உடலும் ஒல்லியாக இருப்பதால் தண்ணீரைப் பிளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. இரண்டுக்கும் மேலே விரியும் அகலமான கூரை முழுக்கப் பேனல். காயல் தாண்டக் கால் மணி நேரம், அவசரமில்லை. ஆழ்கடலுக்குப் போய் வலை இழுக்கும் மீனவரிடம் இதையே சொன்னால் சிரிப்பார், அவர் சிரிப்பது நியாயம். அக்கரைக்குப் போகிறவருக்கு இது போதும். 2020ல் இந்தப் படகுக்கு ஒரு சர்வதேச விருது கிடைத்தது. த்ரூவேயின் பெயரில் வழங்கப்படும் விருது அது.

நான் ஏறியபோது மோட்டார் போட்டதே தெரியவில்லை, கரைதான் நகர்ந்தது. பக்கத்தில் இருந்த பெரியவரிடம் சத்தமே இல்லையே என்றேன். பாதி மலையாளம், பாதி தமிழில் பதில் வந்தது: "முன்னே டீசல் போட்டுல கத்தித்தான் பேசணும். இப்போ வீட்டுச் சண்டையை போன்ல பேச முடியலே, எல்லாருக்கும் கேக்குது."

முன்வரிசையில் ஒரு பெண் போனில் கையைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். தவணக்கடவு வரும்வரை நாங்கள் எல்லோரும் காயலைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தோம்.