தீட்டு கைமாறிய கதை

மாதவிலக்கு பற்றிய நவீனப் பேச்சு எல்லாமே ஒரே தடத்தில்தான் போகிறது. முன்பு துணி, இப்போது நாப்கின். முன்பு அறியாமை, இப்போது சுகாதாரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையாடலுக்குள் ஒரு கேள்வி மட்டும் எழுவதே இல்லை: அந்த ரத்தத்தை அன்றைக்கு யார் கழுவினார்கள், இன்றைக்கு யார் அள்ளுகிறார்கள்?

முதலில் சொற்களைப் பார்ப்போம். மாதவிலக்கு, தூரம், ஒதுங்கியிருப்பது, 'அவ வெளிய இருக்கா'. உடலை எங்கே நிறுத்துவது என்பதுதான் இந்தச் சொற்களுக்கெல்லாம் கவலை. இது வடக்கேயிருந்து வந்த சரக்கு, ஆதித்தமிழருக்கு இதில் சம்பந்தமில்லை என்று கைகழுவுகிறவர்கள் உண்டு. அவர்கள் புறநானூற்றின் 299ஆம் பாட்டை ஒருமுறை படிக்கட்டும். முருகன் கோயிலில் பாத்திரம் தொடாமல் விலகி நிற்கும் பெண்கள் அங்கே உவமையாக வருகிறார்கள். விலக்கான பெண்கள் என்றே அதற்குப் பொருள் சொல்லப்படுகிறது.

விலக்கு பெண்ணோடு முடிந்துவிடவும் இல்லை. பல ஊர்களில் தீட்டுத்துணியை வண்ணாத்தி வந்து எடுத்துப்போவாள். அவள் வெளுத்துக் கொண்டுவரும் மாற்றுத்துணியைக் கட்டினால்தான் தீட்டுக் கழியும். பிள்ளை பெற்ற வீட்டுத் துணி, சாவு வீட்டுத் துணி எல்லாம் அவள் தலையில்தான். கூலி, களத்தில் அளக்கும் கொஞ்சம் தானியமும் வாசலில் நின்று வாங்கும் ராச்சோறும். தலித்துகளுக்கு வெளுத்த புதிரை வண்ணாரின் நிலை இன்னும் கீழே. கண்ணில் பட்டாலே தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்கள் அவர்கள். 1994இல் வந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' அந்த வாழ்க்கையைத்தான் நாவலாக்கியது. நாலாம் நாள் தலைக்கு ஊற்றியதும் வீட்டுக்காரி சுத்தமாகிவிடுவாள். அவள் துணியை அடித்துத் துவைத்தவளுக்கு நாலாம் நாள் என்று ஒன்று கிடையாது.

இனி நாப்கினுக்கு வருவோம். அது பிறந்தது போர்க்களத்தில். முதல் உலகப்போரில் காயங்களுக்குக் கட்டுப்போட, அமெரிக்காவின் கிம்பர்லி கிளார்க் கம்பெனி மரக்கூழிலிருந்து 'செல்லுகாட்டன்' என்ற பஞ்சைச் செய்தது. ராணுவ மருத்துவமனை நர்சுகள் அதையே தங்கள் தேவைக்கும் வைத்துக்கொண்டார்கள். 1918இல் போர் முடிந்ததும் சரக்கு தேங்கியது. 1920இல் அது 'கோடெக்ஸ்' ஆகிக் கடைக்கு வந்தது. வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்ட பெண்களுக்காகக் கடைகளில் ஒரு பெட்டி வைத்தார்கள். காசைப் போட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துப்போகலாம். நம்ம ஊர் மெடிக்கல் ஷாப்பில் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்களே, அதே மௌனம்தான்.

அதே 1920இல் வியன்னாவில் இன்னொன்று நடந்தது. பேலா ஷிக் என்ற மருத்துவர் தமக்கு வந்த பூக்களைத் தண்ணீரில் வைக்கச் சொல்லி வேலைக்காரியிடம் கொடுத்தார். பூக்கள் வாடின. விசாரித்தபோது அவள் விலக்காயிருந்தது தெரிந்தது. விலக்கான பெண்ணின் உடம்பிலிருந்து ஒரு விஷம் வெளிப்படுகிறது என்று அவர் எழுதினார். அதற்கு 'மெனோடாக்சின்' என்று பெயரும் வந்தது. 1924இல் அமெரிக்காவில் டேவிட் மாக்ட் இதற்காகச் செடிகளை வைத்துச் சோதனை நடத்தினார். அப்படியொரு விஷமே கிடையாது. தீட்டுக்காரி கைபட்டால் செடி பட்டுப்போகும் என்ற நம்ம பாட்டியின் பேச்சுக்கு ஐரோப்பிய ஆய்வுக்கூடம் முத்திரை குத்தியிருந்தது, அவ்வளவுதான். மறைக்க ஒரு பொருளையும் பயப்பட ஒரு விஷத்தையும் நவீனம் ஒரே வருஷத்தில் தந்தது. பூ வாடிய பழியைச் சுமந்தவளும் ஒரு வேலைக்காரிதான்.

தமிழ்நாட்டில் 2011-12இல் 'புதுயுகம்' திட்டம் கிராமத்து வளரிளம் பெண்களுக்கு நாப்கினை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. பள்ளிக்கூடம் போகிற பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை யாரும் குறைத்துப் பேசிவிட முடியாது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15-24 வயதுப் பெண்களில் 'சுகாதாரமான' முறைக்கு வந்தவர்கள் இந்திய அளவில் 2015-16இல் 57.6 சதவீதம், 2019-21இல் 77.3 சதவீதம். இந்தக் கணக்கில் வெறும் துணி சேராது. நன்றாகத் துவைத்து வெயிலில் காயப்போட்ட துணியால் கேடில்லை. தண்ணீர் இல்லாத, கக்கூஸ் இல்லாத, நாலுபேர் பார்க்கக் கொடியில் காயப்போட முடியாத வீட்டில்தான் துணி நோயாகிறது. அந்த ஒற்றை எண்ணுக்குள் தண்ணீருக்கு இடமில்லை.

2018ஆம் வருஷத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். பிப்ரவரியில், கோவை முருகானந்தத்தின் மலிவுவிலை நாப்கின் இயந்திரத்தின் கதையை வைத்து 'பேட்மேன்' இந்திப்படம். ஜூலையில் நாப்கின் மீதிருந்த 12 சதவீத ஜிஎஸ்டி நீங்கியது. செப்டம்பரில் சபரிமலைத் தீர்ப்பு. நீதிபதி சந்திரசூட் விலக்கைத் தீண்டாமையோடு சேர்த்து அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவின்கீழ் வைத்து எழுதினார். நவம்பரில் கஜா புயல். தஞ்சை மாவட்டத்தில், வயதுக்கு வந்ததால் தனிக்குடிசையில் வைக்கப்பட்டிருந்த ஒரு சிறுமி, தென்னைமரம் சாய்ந்து செத்துப்போனாள். சினிமாவும் வரிச்சலுகையும் தீர்ப்பும் அந்தக் குடிசை வாசல்வரை வரவில்லை.

சரி, நாப்கின் வந்துசேர்ந்த வீட்டில் தீட்டு எங்கே போகிறது? குப்பைக்கு. உள்ளே பிளாஸ்டிக் இருப்பதால் அது மக்குவதில்லை. தயாரிப்பாளர்கள் உறை தரவேண்டும், பயன்படுத்தியவர்கள் சுற்றிப் போடவேண்டும் என்று 2016இன் திடக்கழிவு விதிகள் சொல்லின. நடப்பு நமக்குத் தெரியும். குப்பையைக் கையால் பிரிப்பவளும், கழிவறையில் போட்டது அடைத்துக்கொண்ட சாக்கடைக்குள் இறக்கப்படுபவனும் பெரும்பாலும் தலித்துகள்; கொங்கு வட்டாரத்தில் அருந்ததியர். மனிதக் கழிவை மனிதர் அகற்றத் தடைவிதித்த 2013ஆம் வருஷத்துச் சட்டம் சாக்கடைச் சாவுகளை நிறுத்திவிடவில்லை. வண்ணாத்திக்கு அது யார் வீட்டுத் துணி என்று தெரியும், வீட்டுக்காரிக்கும் அவள் முகம் தெரியும். கறுப்புக் கவர் அந்த முகத்தையும் அழித்துவிட்டது.

துணிக்கே திரும்புவோம் என்று சொல்ல வரவில்லை. எர்ணாகுளம் மாவட்டத்துக் கும்பளங்கி ஊராட்சி, பெண்களுக்கு மாதவிடாய்க் கப்புகளைக் கொடுத்து 2022 ஜனவரியில் நாப்கின் இல்லா ஊராட்சி என்று அறிவிக்கப்பட்டது. பல வருஷம் உழைக்கும் அந்தக் கப்பை அவரவரே கழுவிக்கொள்ளலாம். இன்னொருத்தி கைக்குப் போவதில்லை. அதற்கும் தண்ணீர் வேண்டும், தாழ்ப்பாள் போட்ட கதவு வேண்டும், கன்னித்தன்மை பற்றிய பயம் போகவேண்டும். ரத்தம் அசுத்தமில்லை என்று மேடையில் சொல்வது சுலபம். பெண்ணுடல் பற்றி ஒரு கூட்டமும் துப்புரவுத் தொழிலாளர் பற்றி வேறொரு கூட்டமுமாக நாம் நடத்திக்கொண்டிருக்கும்வரை, தீட்டு ஒழியாது. அடுத்த கைக்குப் போகும்.