முதிர் கறவை மாடு கழித்தல்

முதிர் கறவை மாடு கழித்தல் என்பது வயது முதிர்வு, சினை பிடிக்காமை, மடிநோய், கால் ஊனம் போன்ற காரணங்களால் பயன் குறைந்த பசுவை மந்தையிலிருந்து நீக்குவதைக் குறிக்கும். ஒன்றிரண்டு மாடுகளே வைத்திருக்கும் சிறு உழவருக்கு, கழித்த மாட்டின் விலையே அடுத்த மாடு வாங்குவதற்கான முதலின் ஒரு பகுதியாகும். இறைச்சிக்காக விற்கப்படும் மாடு பேச்சு வழக்கில் அடிமாடு எனப்படும்.

கழிக்கும் வயது

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள் ஆகும். 12 முதல் 15 மாதங்களுக்கு ஒரு கன்று ஈனுவது நல்ல பசுவின் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. பால் அளவு பொதுவாக மூன்றாம் ஈத்து முதல் ஐந்தாம் ஈத்து வரை உச்சத்தில் இருந்து, பின்னர் குறைகிறது. பசு 20 ஆண்டுகள் வரை உயிர்வாழக்கூடியது. எனினும் மேலை நாடுகளின் பெரும் பண்ணைகளில் அது 5 அல்லது 6 வயதிலேயே கழிக்கப்படுகிறது.

சினை பிடிக்காத மாடுகள் அனைத்தும் மலட்டு மாடுகள் அல்ல. தாது உப்புக் குறைபாடு, குடற்புழு, கருப்பை அழற்சி ஆகியவை மருத்துவத்தால் சரிசெய்யக்கூடியவை. எனவே கழிக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது பயனுள்ளது.

மரக்காணம் பகுதி

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் கடற்கரை உப்பளங்களுக்குப் பெயர் பெற்றது. வடகிழக்குப் பருவமழையின்போது உப்பு உற்பத்தி நின்றுவிடுவதால், மாடு வைத்திருக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அம்மாதங்களில் பால் வருமானம் முதன்மையானது. உவர் நிலத்தில் பசுந்தீவனம் எளிதில் வளராது. வைக்கோலும் தவிடும் விலைக்கு வாங்க வேண்டும். ஆகவே பால் வற்றிய மாட்டை வைத்திருப்பது கறக்கும் மாட்டின் தீவனத்தைக் குறைப்பதாக முடியும்.

சட்டநிலை

* இந்திய அரசியலமைப்பின் 48ஆம் உறுப்பு, பசுக்கொலையைத் தடை செய்ய முயலுமாறு அரசுக்கு வழிகாட்டுகிறது.
* தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் (1958), 10 வயதைக் கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் தகுதியற்றவை, அல்லது காயம், தீரா நோய் முதலியவற்றால் நிரந்தரமாகத் தகுதியிழந்தவை எனச் சான்றளிக்கப்பட்ட மாடுகளை மட்டுமே வெட்ட அனுமதிக்கிறது.
* 1976 ஆகஸ்ட் 30 அன்று பிறப்பிக்கப்பட்ட அரசாணை, மாநிலத்தின் இறைச்சிக்கூடங்களில் பசுவையும் கிடாரியையும் வெட்டுவதைத் தடை செய்தது.
* 2017 மே மாதம் நடுவண் அரசு வெளியிட்ட விதிகள், வெட்டுவதற்காகச் சந்தையில் மாடு விற்பதைத் தடுத்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மே 30 அன்று இவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்தது. சூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் அத்தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது.

விற்பனை

கழித்த மாடுகள் தரகர் வழியாகவோ சந்தையிலோ விற்கப்படுகின்றன. துண்டுக்குள் விரல்களைப் பிடித்து விலை பேசுவது சந்தை மரபு. பொள்ளாச்சி, ஈரோடு சந்தைகளிலிருந்து பல மாடுகள் கேரளத்துக்குச் செல்கின்றன. அங்கு பசுவை வெட்ட முழுத்தடை இல்லை. தொலைதூரப் பயணம் முதிர்ந்த மாடுகளுக்குப் பெருந்துன்பம் தருவதாகும்.

விற்க விரும்பாதோர் கோசாலைகளிடம் ஒப்படைக்கின்றனர். இதனால் உழவருக்கு விலை கிடைப்பதில்லை. பராமரிப்புச் செலவு கோசாலையைச் சேர்கிறது. ஆகவே, பால் தராத பசுவின் எஞ்சிய ஆண்டுகளுக்குத் தீவனச் செலவை ஏற்பது யார் என்பதே இப்பொருளின் மையச் சிக்கலாக உள்ளது.

இறந்த மாடுகள்

வீட்டிலேயே இறக்கும் மாட்டை நீர்நிலைகளுக்கு அப்பால், ஆழக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். டைக்குளோபினாக் மருந்து ஏற்றிய மாடுகளின் உடலை உண்டு பிணந்தின்னிக் கழுகுகள் பெருமளவில் மடிந்ததால், கால்நடைகளுக்கு அம்மருந்து 2006இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது.