டிஃபெண்டர் வண்டிகளில் எல்இடி விளக்கு மாற்றம்

பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் வண்டிகளில் இருக்கும் இழை பல்புகளை நீக்கி எல்இடி விளக்குகளைப் பொருத்துவது, உலகெங்கும் அவற்றின் உரிமையாளர்கள் செய்துவரும் மேம்பாடுகளுள் ஒன்று. 1948இல் அறிமுகமான முதல் லேண்ட் ரோவரின் வழிவந்த இவ்வண்டி 1983இல் 110 ஆகவும் 1984இல் 90 ஆகவும் வெளிவந்தது. டிஃபெண்டர் என்னும் பெயர் 1990இல் சூட்டப்பட்டது. இங்கிலாந்தின் சோலிஹல் ஆலையிலிருந்து 2016 ஜனவரி 29 அன்று கடைசி வண்டி இறங்கும்வரை, அதன் முகப்பில் 7 அங்குல வட்ட ஹெட்லைட்டுகளே இருந்தன. 1940 மாடல் அமெரிக்கக் கார்களில் பொது அளவாகிப் பிறகு உலகம் முழுதும் பரவிய அளவு இது. ஜீப் ரேங்லர் ஜேகே, பழைய மகிந்திரா தார், ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் எனப் பலவற்றிலும் இதே வட்டத்தைக் காணலாம். அதனால்தான் பழைய டிஃபெண்டரின் உற்பத்தி நின்றுபோன பிறகும் அதற்கான எல்இடி ஹெட்லைட்டுகள் தாராளமாகக் கிடைக்கின்றன.

பழைய வெளிச்சம் ஏன் மங்கல்

டிஃபெண்டரின் ஹெட்லைட் மங்கலானது என்ற புகார் பழையது. அதற்குப் பல்பை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட் கொண்ட எச்4 பல்பு, முழு மின்னழுத்தம் கிடைத்தால் நன்றாகவே எரியும். டிம்மில் ஏறத்தாழ 1,000 லூமென், பிரைட்டில் 1,650 லூமென் என்பது அதன் வரையறுக்கப்பட்ட ஒளி. ஆனால் ரிலே இல்லாத முந்தைய வண்டிகளில் இரண்டு ஹெட்லைட்டுக்குமான 9, 10 ஆம்பியர் மின்னோட்டம் முழுவதும் ஸ்டியரிங் தண்டிலுள்ள சுவிட்ச் வழியாகவே போய்வருகிறது. முப்பது வருட ஒயர், பச்சை பூத்த கனெக்டர், தேய்ந்த சுவிட்ச் முனை என ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மின்னழுத்தம் விழும். இழை பல்பு இதைத் தாங்காது: மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் ஒளி ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும்.

எல்இடி விளக்கின் முதல் நன்மை இங்கேதான். அதனுள் இருக்கும் டிரைவர் சுற்று, உள்ளே வரும் மின்னழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் சில்லுகளுக்குப் போகும் மின்னோட்டத்தைச் சீராக வைத்துக்கொள்ளும். பாதி மின்சக்தியிலேயே இழை பல்பை மிஞ்சிய ஒளி கிடைப்பதால் சுவிட்சின் சுமையும் இறங்கும். ஆனாலும் ஒயரிங்கைச் சரிசெய்யாமல் விளக்கை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை. பழைய ஹெட்லைட்டுக்கே ரிலே வைத்துத் தடித்த ஒயர் இழுத்தால் கிடைக்கும் முன்னேற்றத்தைப் பார்த்துவிட்டு, எல்இடி வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டாலும் தவறில்லை.

பல்பா, முழு விளக்கா

இந்த மாற்றத்தில் மிகுதியாகப் பிழை நேரும் இடம் இது. எச்4 பல்பின் அதே அடிப்பாகத்துடன், பழைய பிரதிபலிப்பானுக்குள்ளேயே செருகத்தக்க எல்இடி பல்புகள் மலிவாக விற்கின்றன. எச்4 பல்பில் டிம் இழைக்குக் கீழே ஓர் உலோகக் கிண்ணம் உண்டு. இழையின் ஒளி பிரதிபலிப்பானின் மேல் பாதியில் மட்டும் பட்டுக் கீழ்நோக்கித் திரும்ப வேண்டும் என்பதற்காக வைத்த மறைப்பு அது. இழையின் நீளம், தடிமன், நிற்கும் இடம் எல்லாவற்றையும் கணக்கிட்டுத்தான் பிரதிபலிப்பானின் வளைவு அமைக்கப்பட்டிருக்கிறது. எல்இடி பல்பிலோ ஒளி உருளையான இழையிலிருந்து வருவதில்லை; ஒரு தகட்டின் இருபுறமும் ஒட்டிய சில்லுகளிலிருந்து வருகிறது. அதனால் ஒளிக்கற்றையின் மேல் விளிம்பு சிதறுகிறது. ஓட்டுபவருக்கு வண்டிக்கு அருகே தரை பளிச்சென்று தெரியும், வெளிச்சம் கூடிவிட்டதாகவும் தோன்றும். எதிரே வருபவருக்கோ கண் கூசும், ஓட்டுபவருக்கே தொலைவில் பார்வை குறையும்.

பிரிட்டனின் ஆண்டுப் பரிசோதனை இதைக் கறாராகவே அணுகுகிறது. 1986 ஏப்ரல் 1 முதல் பயன்பாட்டுக்கு வந்த வண்டிகளில், ஹாலஜன் பல்புக்கென்று செய்த ஹெட்லைட்டில் எல்இடி பல்பு செருகியிருந்தால் தேர்ச்சி இல்லை. ஜெர்மனியில் குறிப்பிட்ட வண்டிகளுக்கு மட்டும் சில எல்இடி பல்புகளுக்கு 2020 முதல் ஒப்புதல் தரப்பட்டுள்ளது. எல்இடிக்கென்றே வடிவமைத்த 7 அங்குல முழு விளக்கைப் பொருத்துவதே சரியான வழி. ட்ரக்-லைட், ஜே. டபிள்யூ. ஸ்பீக்கர் போன்ற நிறுவனங்களின் விளக்குகள் இவ்வகையில் பேர்பெற்றவை. வாங்கும்போது கண்ணாடியில் வட்டத்துக்குள் ஈ எழுத்தும் எண்ணும் கொண்ட ஐரோப்பிய ஒப்புதல் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடப்புறம் ஓட்டும் நாடுகளுக்கான ஹெட்லைட்டில் ஓர் அம்புக்குறியும் இருக்கும். வலப்புறம் ஓட்டும் நாடுகளுக்கானதில் அது இராது. மாறிப்போனால் டிம் கற்றையின் உயர்ந்த பக்கம் எதிரே வருபவரின் முகத்தில் நேராக அடிக்கும்.

இண்டிகேட்டரும் மற்ற விளக்குகளும்

பின்விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் ஆகியவை டிஃபெண்டரில் தனித்தனிச் சிறு வட்டங்கள். இவற்றையும் முழு அலகாகவே மாற்றுவது எளிது. இண்டிகேட்டரை எல்இடி ஆக்கியதும் அது படபடவென்று வேகமாகத் துடிக்கும். பழைய பிளாஷர் ரிலே, முன்னும் பின்னும் 21 வாட் பல்புகள் எரிகின்றனவா என்பதை மின்னோட்டத்தின் அளவைக்கொண்டே அறிகிறது. மின்னோட்டம் குறைந்ததும் பல்பு ஒன்று போய்விட்டதாக எடுத்துக்கொள்கிறது. இதற்கு மின்தடை ஒன்றை இணையாகப் பொருத்துவோர் உண்டு. 6 ஓம் மின்தடை எரியும்போதெல்லாம் 25 வாட்டுக்கு மேல் வெப்பத்தைக் கக்கும். மிச்சப்படுத்திய மின்சாரம் அதிலேயே போய்விடும். சுமையைப் பாராமல் துடிக்கும் மின்னணு பிளாஷரை வைப்பதே மேல். டேஷ்போர்டில் இரு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே காட்டி விளக்கு உள்ள பழைய வண்டிகளில் இன்னொரு சிக்கலும் வரும். அந்த விளக்கின் மின்னோட்டம் மறுபக்கப் பல்புகள் வழியாகவே எர்த் ஆவதால், எல்இடி வைத்ததும் நான்கு பக்கமும் சேர்ந்து துடிக்கத் தொடங்கும்.

தொடக்கூடாத பல்பு ஒன்றும் உண்டு: சார்ஜ் எச்சரிக்கை விளக்கு. அந்த 2.2 வாட் பல்பின் வழியே செல்லும் மின்னோட்டம்தான் ஆல்டர்னேட்டரின் சுழலியை முதலில் தூண்டிவிடுகிறது. அங்கே எல்இடி வைத்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யாமலே நின்றுவிடக்கூடும்.

ஒயர்களின் நிறங்கள் பிரிட்டிஷ் மரபுப்படி இருக்கும். நீலத்தில் சிவப்புக் கோடு டிம், நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், பச்சையில் சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், பச்சையில் வெள்ளைக் கோடு வலது, கறுப்பு எர்த். விளக்குக் கோளாறுகளைத் தேடத் தொடங்க வேண்டியது பெரும்பாலும் அந்தக் கறுப்பு ஒயரிலிருந்துதான். அலுமினிய உடலில் எஃகுத் திருகு சேரும் இடங்கள் ஈரத்தில் அரித்துப்போகும்; எர்த் கெட்டால் எந்த எல்இடியும் மினுக்கும். 1960களின் நடுப்பகுதி வரையிலான லேண்ட் ரோவர்கள் நேர்முனை எர்த் கொண்டவை. எல்இடிக்கு முனை மாறினால் எரியாது என்பதால் அவற்றில் தனிக் கவனம் வேண்டும்.

பனி, தூசி, வானொலி

எல்இடியின் வெப்பம் முன்பக்கம் வராமல் பின்னாலுள்ள வெப்ப மடிப்புகளுக்குப் போகிறது. பனி பெய்யும் நாடுகளில் இது ஒரு குறையே: ஹாலஜன் தன் கண்ணாடியில் படிந்த பனியைத் தானே உருக்கும், எல்இடி உருக்காது. கண்ணாடியைச் சூடாக்கும் கம்பி பதித்த விளக்குகள் இதற்காகவே விற்கப்படுகின்றன. தரமற்ற டிரைவர் சுற்றுகள் வானொலியிலும் தகவல்தொடர்புக் கருவிகளிலும் இரைச்சலை ஏற்படுத்தும். பயணக் குழுக்கள் கம்பியில்லாக் கருவிகளை நம்பியிருக்கும் பாலைவனத்தில் இது சிறிய விஷயமல்ல.

கூரைமேல் நீண்ட எல்இடி பட்டை வைப்பது பரவலான வழக்கம். ஆனால் ஒளி ஓட்டுநரின் கண்ணுக்குப் பக்கத்திலிருந்து புறப்படும்போது தூசியிலும் மூடுபனியிலும் பட்டு அவருக்கே திரும்பி வரும், பானட்டிலும் பளபளக்கும். பம்பர் உயரத்தில் வைத்த விளக்கே அங்கு கூடுதலாக உதவும். பொதுச்சாலையில் இத்தகைய பட்டைகளை எரிப்பதைப் பல நாடுகள் தடைசெய்கின்றன.

எந்த விளக்கை வைத்தாலும் சமதளத்தில் வண்டியை நிறுத்தி டிம் கற்றையின் மேல் விளிம்பைச் சரிபார்க்க வேண்டும். 10 மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் விளக்கின் மையத்தைவிட அது ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். இதை வழக்கமாக ஏற்றும் சுமையோடு செய்வது அவசியம். பின்புறம் பாரம் ஏறி 110 வண்டி தாழ்ந்தால் ஒளிக்கற்றை அதற்கேற்ப மேலே எழும்பிவிடும்.