இண்டெக்ஸ் டூ இருந்தால் வீடு நம்முடையதா?

மும்பையில் வீடு வாங்கப் போகும் நம்ம ஊர்க்காரர்கள் வங்கிக்கு வந்தால் என்னிடம் முதலில் கேட்பது, "சார், இங்கே ஈசி எங்கே போடணும்?" என்பதுதான். வில்லங்கச் சான்று பார்த்தே பழகியவர்கள். இங்கே அந்த இடத்தில் புழங்குவது இண்டெக்ஸ் டூ. சார்பதிவாளர் வைத்திருக்க வேண்டிய அட்டவணைகளை 1908 பதிவுச் சட்டத்தின் 55வது பிரிவு சொல்கிறது. முதலாவது ஆட்களின் பெயர்ப்படி, இரண்டாவது சொத்துப்படி. அந்த இரண்டாவதுதான் இது.

அது கையில் இருந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள் பாருங்கள், சிக்கலே அங்கேதான். நம் சட்டத்தில் பதிவாவது பத்திரம், உரிமை அல்ல. விற்பவருக்கு விற்கும் உரிமை உண்டா என்று தீர்ப்பு சொல்வது சார்பதிவாளர் வேலையே இல்லை. தமிழ்நாட்டில் 55ஏ என்று ஒரு விதி போட்டு, மூலப்பத்திரம் காட்டினால்தான் பதிவு என்றார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அது 1908 சட்டத்துக்கு முரண் என்று ரத்து செய்தது.

வேறு வழி இல்லாமல் இல்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858லேயே டாரன்ஸ் என்பவர் கொண்டுவந்த சட்டப்படி, உரிமைக்கு அரசாங்கமே பொறுப்பு. அமெரிக்காவில் கதை வேறு. ஃபிலடெல்ஃபியாவில் வாட்சன் என்பவர் முய்ர்ஹெட் என்ற பத்திர நிபுணரை நம்பி ஒரு சொத்து வாங்கினார். அதன் மேல் நீதிமன்றக் கடன்கள் இருப்பதை முய்ர்ஹெட் பார்த்தார். வக்கீலைக் கேட்டார். அவை சொத்தைப் பாதிக்காது என்றார் வக்கீல். பாதித்தது! வாட்சன் பணம் போச்சு. வழக்குப் போட்டார். வக்கீல் கருத்தை நம்பி நடந்தவர் மேல் தப்பில்லை என்று 1868ல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

யார் மேலும் தப்பில்லை, ஆனால் பணம் மட்டும் போகும் என்றால் எவன் சொத்து வாங்குவான்? 1876ல் அதே ஊரில் முதல் டைட்டில் இன்சூரன்ஸ் கம்பெனி பிறந்தது இப்படித்தான். மற்ற இன்சூரன்ஸ் எல்லாம் நாளை நடக்கப் போவதற்கு. இது நேற்றே நடந்து முடிந்து, நமக்குத் தெரியாமல் போனதற்கு.

நம் நாட்டில் 2016 ரேரா சட்டத்தின் 16வது பிரிவில் இது எட்டிப் பார்த்தது. அதுவும் பில்டருக்கு, மாநில அரசு அறிவித்தால். பழைய ஃபிளாட் வாங்கும் நமக்கு வக்கீலின் சர்ச் ரிப்போர்ட்தான் கதி.

அது ஏன் 30 வருஷம் என்று கேட்பார்கள். அடமானச் சொத்தை மீட்க வழக்குப் போட 1908 காலவரம்புச் சட்டத்தில் 60 வருஷம் அவகாசம். அரசாங்கத்துக்கும் 60. 1963ல் வந்த சட்டம் இரண்டையும் 30 ஆக்கியது. அதற்கு முந்தைய பூதங்கள் பெரும்பாலும் எழுந்து வராது என்பதே கணக்கு.

30 வருஷம் தேடினாலும் ஒரு ஓட்டை உண்டு. பத்திரத்தைக் கொடுத்து வைத்தாலே அது அடமானம் என்று 1882 சொத்து மாற்றுச் சட்டம் கல்கத்தா, மதராஸ், பம்பாய் போன்ற வணிக நகரங்களில் அனுமதித்தது. வியாபாரிகளுக்கு அவசரக் கடன் வேண்டுமே! தனியாக ஒப்பந்தம் எழுதாவிட்டால் பதிவு வேண்டாம். பதிவில்லை என்றால் இண்டெக்ஸிலும் வராது. 2011ல் செர்சாய் என்ற மத்தியப் பதிவகம் வந்தது. மகாராஷ்டிராவில் 2013 முதல் இதற்கு நோட்டீஸ் பதிவும் கட்டாயம்.

அதற்கு முன், நான் வேலையில் சேர்ந்த புதிதில், திருநெல்வேலிக் குடும்பம் ஒன்று டோம்பிவிலி ஃபிளாட்டுக்கு லோன் கேட்டது. இண்டெக்ஸ் டூ சுத்தம், சர்ச் ரிப்போர்ட் சுத்தம். பில்டர் கொடுத்த முதல் அக்ரிமெண்ட் மட்டும் ஜெராக்ஸ். ஒரிஜினல் ரயிலில் தொலைந்தது என்றார் விற்பவர். எங்கள் வக்கீல் அசையவில்லை. "அப்படியானால் போலீஸ் புகார் நகல் கொண்டுவரச் சொல்லுங்கள்" என்றார். புகார் வரவில்லை. ஒரிஜினல் வேறொரு வங்கியின் லாக்கரில் பத்திரமாக இருந்தது. கொடுத்த டோக்கன் பணத்தைத் திரும்ப வாங்க அந்தக் குடும்பம் ஆறு மாதம் அலைந்தது.