கலத்துள் புகும் நீர்

கடற்பயணம் என்றதும் தமிழிலக்கியம் பயின்ற நம் நினைவுக்கு முதலில் வருவது உடைகலமே. மணிமேகலையில் சாதுவன் ஏறிச் சென்ற கலம் காற்றால் சிதைய, அவன் ஒடிந்த மரமொன்றைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் கரையை அடைகிறான். புயல் காவியத்துக்கு உரிய பொருள். கலம் செலுத்துவோரின் அன்றாடக் கவலையோ வேறு. பலகை இடுக்கிலும் தண்டு செல்லும் துளையிலும் ஓசையின்றிப் புகும் நீரே அக்கவலை. அந்த ஒழுக்கைக் கண்டறிந்து அடைக்கும் கலைக்கும் ஒரு வரலாறு உண்டு. கடலூரிலிருந்து பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் வரை நீளும் நம் கரையை வைத்து அதனை இங்கு நோக்குவோம்.

கட்டுமரமும் சலங்கும்

ஒழுக்கு என்னும் சிக்கலுக்குக் கட்டுமரம் தந்த விடை மிக எளியது. அதற்கு 'உட்புறம்' என்பதே இல்லை. மரங்களின் இடுக்கில் ஏறும் நீர் அதே இடுக்கில் இறங்கிவிடும். நிரம்புவதற்கு இடமில்லாததால் நீர் நிரம்பி மூழ்குவதும் இல்லை.

ஆனால் சரக்கேற்ற உட்புறம் வேண்டும். ஆங்கிலேயர் 1690இல் மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினக் கோட்டையை வாங்கிப் புனித டேவிட் கோட்டை எனப் பெயரிட்ட காலத்தில், பெருங்கப்பல்கள் கரையை அணுக இயலாது கடலில் தொலைவிலேயே நங்கூரமிட்டன. இடையிலிருந்த அலைமுறிவைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவை தைக்கப்பட்ட படகுகள். தமிழில் சலங்கு என்பர். ஆங்கிலேயர் மசூலா என்றனர். அவற்றில் ஆணியில்லை. பலகைகளைத் துளையிட்டு, இணைப்பின் மேல் வைக்கோலோ நாரோ திரணையாக வைத்து, தேங்காய் நார்க்கயிற்றால் தைத்தனர். கரையில் மோதும்போது ஆணியடித்த விறைப்பான கலம் பிளந்துவிடும். தைத்த கலமோ நெளிந்து கொடுக்கும். அந்த நெளிவுக்கு அது கொடுத்த விலைதான் ஒழுக்கு. படகில் நீர் இறைப்பது ஓயாத வேலையாக இருந்தது. சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றும் முதன்மையானது.

கலப்பற்று

ஆணியடித்த தோணிகளுக்கு வேறு முறை. பலகை இடுக்கில் பஞ்சையோ நாரையோ உளியால் செலுத்தி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசுவர். இதற்குத் தமிழில் 'கலப்பற்று' என்று பெயர். 'கலப்பத்து' என்றும் வழங்கும். கலம், பற்று என்று பிரித்துப் பொருள் காண மனம் விழைகிறது. ஆயினும் இதே தொழிலுக்கு அரபியில் 'கல்ஃபத்' என்றும், அதைச் செய்பவருக்குப் போர்ச்சுகீசிய மொழியில் 'கலஃபாத்தே' என்றும் சொற்கள் இருப்பது நோக்கத்தக்கது. பறங்கியர் பெயரையே தாங்கி நிற்கும் ஒரு துறைமுகம் சிதம்பரத்துக்கு அருகில் இருக்கையில், ஒரு தொழிற்சொல் கடல் கடந்து வந்து தமிழுடை உடுத்ததில் வியப்பென்ன?

சொட்ட வேண்டிய சொட்டு

1953இல் கேரளத்தின் நீண்டகரையில் இந்திய–நார்வேத் திட்டம் தொடங்கியது. அதனை அடுத்த ஆண்டுகளில் விசைப்படகுகள் நம் கரைகளிலும் பரவின. அவற்றோடு ஒரு புதுமையும் வந்தது: கலத்தின் அடியில் மனிதனே இடும் துளை. எஞ்சின் உள்ளே, சுழலி வெளியே. இரண்டையும் இணைக்கும் தண்டு கலத்தைத் துளைத்தே செல்ல வேண்டும். அத்துளையில் கொழுப்பூட்டிய நூற்கயிற்றை வளையங்களாகச் சுற்றி, மேலே மரையை முறுக்கி நீரைத் தடுப்பர். அதனை முற்றிலும் இறுக்கிவிடலாகாது. படகு ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு நீர் கசிய வேண்டும். அந்நீரே தண்டைக் குளிர்விக்கிறது. ஒரு சொட்டும் வராதபடி இறுக்கினால் கயிறு கருகும், தண்டு தேயும், பின்னர் வெள்ளமாக ஒழுகும்.

எனவே ஒழுக்கைக் கண்டறிவது என்பது ஓட்டையைத் தேடுவது மட்டுமன்று. வரவேண்டிய நீரையும் வரக்கூடாத நீரையும் பிரித்தறிவது. அடித்தளத்தைத் துடைத்து உலர்த்திவிட்டு முறையாக வினவ வேண்டும். நீர் உப்பா, நன்னீரா? நன்னீரானால் மழையோ எஞ்சினின் குளிர்நீரோ காரணமாகலாம். நிற்கும்போதே வருகிறதா, ஓடும்போது மட்டுமா? நிற்கும்போதே வந்தால் பலகையையும் துளைகளையும் ஐயுற வேண்டும். ஓடும்போது மட்டும் வந்தால் தண்டையும் குளிர்நீர்க் குழாய்களையும் ஐயுற வேண்டும்.

ரப்பர் மடிப்பு

1959இல் சுவீடனின் வோல்வோ பென்டா நிறுவனம் மற்றொரு விடையை அறிமுகப்படுத்தியது. எஞ்சின் உள்ளேயே இருக்கும். சுழலியைத் தாங்கும் கால் அமரத்தின் வெளியே தொங்கி, மேலே தூக்கவும் பக்கவாட்டில் திரும்பவும் வல்லதாக இருக்கும். அசையும் அந்த இணைப்பில் நீரைத் தடுப்பது துருத்தி போன்ற ஒரு ரப்பர் மடிப்பு. ஆழமற்ற கரைகளுக்கு இது பொருத்தமான சிந்தனை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டமும், கரையேறும் படகுகளுக்காகச் சுழலியைத் தூக்கக்கூடிய ஓர் அமைப்பை உருவாக்கியபோது, இத்தகைய ரப்பர் மடிப்பையே நாடியது.

இம்மடிப்பின் நோய் கண்ணுக்குப் படாது. மடிப்பின் ஆழத்தில் வெடிப்பு தோன்றும். காலை நெடுநாள் தூக்கியபடி விட்டாலோ, சிப்பிகள் ஒட்டினாலோ விரைந்து தோன்றும். இதற்கு ஒட்டு மருந்து கிடையாது, மாற்றுவதே வழி. மாற்றும்போது உள்ளிருக்கும் தாங்கி துருப்பிடித்துள்ளதா என்றும் பார்க்க வேண்டும். பற்சக்கர எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் அங்கும் புகுந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் நைலான் நூல் தண்டில் சுற்றி அடைப்பை அறுத்திருக்கும். காற்றழுத்தம் செலுத்திச் சோப்புநீர் பூசினால், குமிழி எழும் இடமே குற்றவாளி.

இன்றைய கரை

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் உயிரைக் கொண்டது. அதன்பின் நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவில் வந்தன. விரைந்து வார்க்கப்பட்டவற்றின் தரம் குறித்துக் கவலைகளும் எழுந்தன. வெளியே மாட்டும் எஞ்சினுக்குக் கலத்தின் அடியில் துளை வேண்டாம். ஆனால் அதனைத் தாங்கும் அமரத்தின் திருகாணித் துளைகள் வழியே நீர் புகுந்து, இழைகளுக்கு நடுவேயுள்ள மரத்தை ஊறவைக்கும். தட்டிப் பார்த்தால் நல்ல இடம் கணீரென்றும், ஊறிய இடம் மொத்தென்றும் ஒலிக்கும்.

நாரும் வைக்கோலும் குங்கிலியமும் கைக்கெட்டும் பொருள்கள். ரப்பர் மடிப்போ கடையிலிருந்து வர வேண்டும். பழையதே மேல் என்று புலம்ப நாம் வரவில்லை. அலையில் ஓயாது நீர் இறைத்தவனின் முதுகு அதை ஒப்பாது. ஆனால் ஒழுக்கை வினவி அறியும் முறை அன்றும் இன்றும் ஒன்றே. அம்முறை பெரும்பாலும் ஏட்டில் ஏறாமல், கரையில் வாழ்வோர் நாவில் மட்டுமே உள்ளது. உடைகலப் பாடல்களுக்கு உரை எழுதும் நாம், கலப்பற்று அறிந்த முதியோர் இருக்கும்போதே அவர்களிடம் சென்று அச்சொற்களைக் கேட்டெழுதுதல் வேண்டும். அகராதியில் மட்டும் எஞ்சும் சொல் எந்தக் கலத்தையும் காக்காது.