தற்காப்புக் கைத்துப்பாக்கிப் போட்டிகளுக்கான உடையும் சாதனங்களும்

தற்காப்புக் கைத்துப்பாக்கிப் போட்டி என்பது, அன்றாடம் இடுப்பில் மறைத்து வைத்துக்கொள்ளும் வகைத் துப்பாக்கியைக் கொண்டு, வழிப்பறி, வீடு புகுதல் போன்ற ஆபத்துகளை ஒத்த களங்களில் இலக்குகளைச் சுடும் விளையாட்டு. பில் வில்சன், கென் ஹேக்கதார்ன், லாரி விக்கர்ஸ் உள்ளிட்டோர் 1996-இல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேசத் தற்காப்புக் கைத்துப்பாக்கிச் சங்கம் (ஐ.டி.பி.ஏ.) இதன் முதன்மை அமைப்பு. பழைய நடைமுறைச் சுடுதல் போட்டிகள் பந்தயத்துக்கென்றே செய்த துப்பாக்கிகள், உறைகள் பக்கம் சாய்ந்துவிட்டன என்பதே அவர்கள் குறை. ஆகவே இங்கு உடையும் சாதனமும் அன்றாடப் புழக்கத்துக்கு உகந்தவையாக இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி.

மறைப்பு மேலாடை

பெரும்பாலான களங்களில் துப்பாக்கியை மறைக்கும் மேலாடை கட்டாயம். கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு நீட்டி நிற்கும்போது துப்பாக்கியோ உறையோ தெரியாதிருக்கிறதா என்று சோதிப்பார்கள். பல பைகள் வைத்த, கையில்லாத புகைப்படக்காரர் மேற்சட்டையைப் பலர் விரும்புகிறார்கள். முன்பக்கம் திறந்த ஆடையை விரல்களால் பின்னால் வீசித் தள்ளி, அதே கையால் துப்பாக்கியை எடுக்கலாம். டி-சட்டை போன்ற மூடிய ஆடையை மற்றக் கையால் மார்பு வரை தூக்கிப் பிடிக்க வேண்டும். சுட்டு முடிக்க ஆகும் நேரத்தோடு, இழந்த ஒவ்வொரு புள்ளிக்கும் 1 நொடி கூட்டப்படும்; குறைந்த கூட்டுத்தொகை பெறுபவரே வெல்வார். ஆடை கைப்பிடியில் சிக்கினால் அந்தத் தாமதமும் கணக்கில் ஏறிவிடும்.

தாமதத்தைவிடப் பெரிய ஆபத்து, துப்பாக்கியை உறையில் திருப்பி வைக்கும்போது வருகிறது. சட்டை நுனியோ, ஜாக்கெட் நாடாவின் முனைக் குமிழோ விசைக் காப்புக்குள் நுழைந்தால், துப்பாக்கியை உறைக்குள் அழுத்தும் வேகத்தில் அதுவே விசையை இழுத்துவிடும்; குண்டு தொடையிலோ காலிலோ பாயும். தொங்கும் நாடாக்களை வெட்டிவிடுவது நல்லது. ஆடையை முழுதாக விலக்கி, உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, நிதானமாக வைக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் அவசரத்தால் ஒரு லாபமும் இல்லை. அப்போது கடிகாரம் நின்றிருக்கும்.

இடைவாரும் உறையும்

இடைவார் கால்சட்டையின் வளையங்களில் கோத்து அணியக்கூடியதாகவும், 1¾ அங்குலத்துக்கு மிகாத அகலமுடையதாகவும் இருக்க வேண்டும். மெல்லிய வார் துப்பாக்கியின் எடையில் வளையும். எடுக்கும்போது உறையும் சேர்ந்து மேலே வரும். ஆகவே விறைப்பான வாரே ஏற்றது. உறை விசையை முழுதாக மூடி, துப்பாக்கி வெளிவந்த பின்னும் வாய் சுருங்காமல் நிற்க வேண்டும். கைடெக்ஸ் என்னும் கெட்டி பிளாஸ்டிக்கும், தடித்த தோலும் இதற்கு உதவும். தோள் உறைகளுக்கு அனுமதி இல்லை. எடுக்கும்போது துப்பாக்கியின் வாய் அருகிலிருப்போர் பக்கம் திரும்பிவிடும்.

கண், காது, தலை

பாதுகாப்புக் கண்ணாடியும் காதுக் காப்பும் போட்டியாளர்களுக்கு மட்டுமல்ல, பார்வையாளர்களுக்கும் கட்டாயம். கைத்துப்பாக்கி வேட்டோசை பொதுவாக 150 டெசிபெலைத் தாண்டும். 140-க்கு மேற்பட்ட ஓசை ஒருமுறை கேட்டாலே செவிக்குக் கேடு. மின்னணுக் காதுக்காப்பு வேட்டொலியை அடக்கி, பாதுகாப்பு அலுவலரின் கட்டளையைத் தெளிவாகக் கேட்கச் செய்யும்.

சுட்டதும் வெளியே தெறிக்கும் பித்தளைக் கூடு தோலைச் சுடும் அளவுக்குச் சூடானது. அது திறந்த கழுத்துப்பட்டிக்குள் விழுந்தால், துடித்துப்போகும் கை துப்பாக்கியோடு திசை மாறும். கழுத்தை ஒட்டிய சட்டையும், கண்ணாடிக்கும் நெற்றிக்கும் இடையே கூடு விழாமல் தடுக்கும் முன்விளிம்புத் தொப்பியும் இதற்காகவே.

கால்சட்டையும் காலணியும்

தடுப்புக்குப் பின்னால் மண்டியிடுவதும், சரளை மண்ணில் பின்னோக்கி நடப்பதும் வழக்கமான அசைவுகள். முழங்காலில் தடித்த துணி வைத்த, தாராளமான கால்சட்டையும், பிடிப்புள்ள அடிப்பகுதி கொண்ட மூடிய காலணியும் தேவை. மாற்று மேகசின்கள் மற்றக் கையின் பக்கம், எப்போதும் ஒரே இடத்தில் இருந்தால் கை தேடாது.

போட்டிக்குப் பின்

வெடிமருந்துப் புகையிலும் குண்டிலும் உள்ள ஈயத்துகள் கையிலும் துணியிலும் படியும். சோப்புப் போட்டுக் கைகழுவிய பிறகே உண்ண வேண்டும்; போட்டி உடையை மற்றத் துணிகளோடு, குறிப்பாகக் குழந்தைகளின் துணியோடு, சேர்க்காமல் தனியே துவைக்க வேண்டும்.