மருத்துவருக்கு அடுத்த நிலை: தமிழகத்தில் மருத்துவ உதவியாளர் பயிற்சியும் அதன் நுழைவாயிலும்

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் சாலையில், தகடூரை ஆண்ட அதியமான் மரபின் பெயரைத் தாங்கி நிற்கும் அதியமான்கோட்டை, சென்றாய பெருமாள் கோயிலாலும் காலபைரவர் கோயிலாலும் வெளியூர் மக்களுக்கு அறிமுகமானது. ஓசூருக்கான நெடுஞ்சாலை பிரியும் இடமாகவும், விபத்துகளுக்குப் பெயர்போன தொப்பூர் கணவாய்க்கு வடக்கே அமைந்த ஊராகவும் இருப்பதால், மருத்துவ உதவி எவ்வளவு விரைவில் கிடைக்கும் என்ற கேள்வி இவ்வட்டாரத்தாருக்குப் புதிதன்று. தருமபுரியில் 2008ஆம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்ட பின் அக்கேள்விக்கு ஓரளவு விடை கிடைத்திருப்பினும், ஒரு மருத்துவமனை மருத்துவர்களால் மட்டும் இயங்குவதில்லை. நோயாளியின் வரலாற்றைக் கேட்டு எழுதுவதற்கும், அறுவை மேடையில் துணை நிற்பதற்கும், தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவெல்லாம் கண்காணிப்பதற்கும் மருத்துவருக்கு அடுத்த நிலையில் பயிற்சி பெற்றவர்கள் தேவைப்படுகின்றனர். பிளஸ் 2 முடித்த மாணவர்கள் இன்று விண்ணப்பிக்கும் ‘பிசிஷியன் அசிஸ்டென்ட்’ பட்டப்படிப்பு, அதாவது மருத்துவரின் மேற்பார்வையில் மருத்துவப் பணிகளில் ஒரு பகுதியைச் செய்வதற்கான படிப்பு, அத்தேவைக்காகவே உருவானது. படிப்பின் பெயர் புதியது. அது குறிக்கும் நிலையோ தமிழகத்தில் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுப் பழமை உடையது. அந்நிலைக்கு யாரை, எந்தத் தகுதியின் பேரில் சேர்த்துக்கொண்டனர் என்பதும், சேர்ந்தவர்களுக்குப் பின்னர் என்ன உரிமை கிடைத்தது என்பதும் தனித்து ஆராயத்தக்க வரலாறாகும்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஐரோப்பிய மருத்துவர்கள் போதாமையால், அவர்களுக்குக் கீழே பணியாற்றும் துணை மருத்துவப் பிரிவொன்று சென்னை மாகாணத்தில் உருவாயிற்று. அப்பிரிவில் மருந்துக் கலவையும் நோயாளிப் பராமரிப்பும் அறிந்த ‘அப்போதிக்கரி’ பதவி பெரும்பாலும் ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்திய வழியினருக்கும், புண்ணைக் கழுவிக் கட்டுப்போடும் ‘டிரெஸ்ஸர்’ பதவி இந்தியர்களுக்கும் உரியனவாக இருந்தன. 1835ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஆளுநர் சர் பிரெடரிக் ஆடம் காலத்தில், மருத்துவர் வில்லியம் மார்ட்டிமரின் பொறுப்பில் சென்னையில் தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளி இவ்விரு பிரிவினருக்கும் முறையான கல்வி அளிப்பதற்காகவே ஏற்பட்டது என்பது நினைவில் கொள்ளத்தக்கது. 1850இல் சென்னை மருத்துவக் கல்லூரியாக உயர்ந்து இன்று நாடறிந்த நிறுவனமாக விளங்கும் அது, பிறந்தபோது மருத்துவர்களை அன்றி மருத்துவ உதவியாளர்களை உருவாக்கும் பள்ளியாகவே இருந்தது. பிறப்பால் பதவி பிரிக்கப்பட்ட அக்காலத்தில், விண்ணப்பம் என்பது தகுதியைக் காட்டும் தாளாக இருப்பதற்கு முன்னரே, விண்ணப்பிப்பவர் யார் என்பதிலேயே பெரும்பகுதி முடிவாகிவிட்டது. பெண்களுக்கு அக்கல்லூரியின் கதவு 1875இல்தான் திறந்தது. அவ்வாண்டு மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்கள் சேர்க்கப்பட்டனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உள்ளாட்சி நிதியில் நடத்தப்பட்ட ‘லோக்கல் ஃபண்ட்’ ஆஸ்பத்திரிகள் சிற்றூர்களுக்கும் பரவியபோது, அவற்றின் பொறுப்பு ‘ஹாஸ்பிடல் அசிஸ்டென்ட்’ எனப்பட்டவர்களிடம் வந்து சேர்ந்தது. மாவட்டத் தலைநகரில் ஓர் ஆங்கிலேய மருத்துவ அதிகாரி இருந்தாலும், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவரும், கட்டியைக் கீறியவரும், காலரா பரவியபோது கிராமம் கிராமமாகச் சென்றவரும் பெரும்பாலும் இந்த உதவியாளர்களே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவர்களின் பதவிப்பெயர் ‘சப் அசிஸ்டென்ட் சர்ஜன்’ என்றாயிற்று; பள்ளி இறுதித் தேர்வில் தேறியவர்கள் பெரும்பாலும் நான்கு ஆண்டுகள் மருத்துவப் பள்ளியில் பயின்று பெறும் ‘எல்.எம்.பி.’ என்னும் பட்டயம், அதாவது உரிமம் பெற்ற மருத்துவர் என்ற தகுதி, அப்பணிக்குரிய கல்வியாக நிலைபெற்றது. சென்னையில் மக்கள் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றழைத்த ராயபுரம் மருத்துவமனையோடு இணைந்த மருத்துவப் பள்ளி இத்தகைய எல்.எம்.பி.க்களை உருவாக்கி, 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக மாறியது. வேலூரில் மருத்துவர் ஐடா ஸ்கடர் முதலில் பெண்களைக் கம்பவுண்டர்களாகப் பழக்கி, 1909இல் செவிலியர் பள்ளியையும், 1918இல் பெண்களுக்கான எல்.எம்.பி. பள்ளியையும் தொடங்கினார், இன்றைய கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் வேர் அப்பள்ளியே.

இவற்றுக்கு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் நடந்த முயற்சி வேறொரு வகையில் முக்கியமானது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களைத் தேர்ந்து மருத்துவம் கற்பித்ததோடு, பின்னாளில் கற்பிக்கும் மொழியையே ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றி, உடற்கூற்றியலையும் அறுவை மருத்துவத்தையும் பற்றிய நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். ஆங்கிலம் அறிந்தவர் மட்டுமே நுழையக்கூடிய வாசலை மொழிமாற்றம் ஒன்றே எவ்வளவு அகலமாக்கும் என்பதற்கும், தமிழில் பயின்றவர்கள் தம் ஊர்களிலேயே தங்கித் தொழில் செய்ய முன்வருவர் என்று அவர் கொண்டிருந்த நம்பிக்கைக்கும் மானிப்பாய்ப் பள்ளி சான்றாக நின்றது.

இவ்வளவு பரந்து வேரூன்றிய ஓர் அடுக்கு, விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் மறைந்தது. 1943இல் போர் (Bhore) என்பவரின் தலைமையில் அமைக்கப்பட்டு 1946இல் அறிக்கை தந்த மருத்துவநல ஆய்வுக் குழு, நாட்டில் பதிவுபெற்ற ஏறத்தாழ 47,500 மருத்துவர்களில் 30,000 பேர் அளவில் எல்.எம்.பி. போன்ற பட்டயம் மட்டுமே பெற்றவர்கள் எனக் கணக்கிட்டது. இரு தரமான மருத்துவர்கள் கூடாது, அடிப்படை மருத்துவராக எம்.பி.பி.எஸ். ஒன்றே இருக்க வேண்டும் என்று குழுவின் பெரும்பான்மை பரிந்துரைத்தது. உறுப்பினர்கள் சிலர் மருத்துவர் பற்றாக்குறையைச் சுட்டி அதனை ஏற்க மறுத்தனர். கிராமத்தாருக்குத் தரம் குறைந்த மருத்துவம் போதும் என்ற எண்ணத்தை நிராகரித்த வகையில் பெரும்பான்மையின் முடிவு நேர்மையானது. எனினும், எம்.பி.பி.எஸ். படித்தவர் சிற்றூருக்கு வராதபோது அங்கிருந்த வெற்றிடத்தை யார் நிரப்புவது என்ற வினா விடையின்றி நின்றது. 2001இல் சத்தீஸ்கர் தொடங்கிய மூன்றாண்டு மருத்துவப் படிப்பும், 2004ஆம் ஆண்டின் அசாம் சட்டமும் அவ்வினாவுக்கு விடைதேடிய முயற்சிகள். அசாம் சட்டம் செல்லாது என உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

தருமபுரி மாவட்டத்துக்குள்ளேயே வேறொரு விடை உருவானது. 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடைப்பட்ட சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்குக்கு வந்து, கூரை வேய்ந்த குடிசையொன்றில் மருத்துவமனை தொடங்கியபோது, பட்டம் பெற்ற செவிலியர்களை அங்கு அழைத்துவருவது எளிதாக இல்லை. எனவே பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண்களையே தேர்ந்தெடுத்து, பிரசவம் பார்ப்பது, குழந்தையின் எடையையும் மூச்சையும் கணிப்பது, அறுவைக்கு உதவுவது ஆகியவற்றில் படிப்படியாகப் பயிற்றுவித்தனர். அங்கு சேர்க்கைக்கு மதிப்பெண் அளவுகோலாக இல்லை. ஊரில் தங்கும் உறுதியும், தம் மக்களின் மொழியும் பழக்கமும் அறிந்திருப்பதுமே அளவுகோல்களாயின. அம்மருத்துவமனை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருப்பது அத்தேர்வுமுறை வீண்போகவில்லை என்பதைக் காட்டுகிறது.

பிசிஷியன் அசிஸ்டென்ட் என்னும் இன்றைய படிப்பு அமெரிக்காவில் வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அங்கு 1965இல் மருத்துவர் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாகப் பணியாற்றித் திரும்பிய நால்வரைச் சேர்த்துப் பயிற்சியைத் தொடங்க, அவர்களில் மூவர் 1967 அக்டோபரில் முடித்து வெளிவந்தனர். போர்க்களத்தில் பெற்ற அனுபவத்தைக் கல்வியால் முழுமையாக்குவதே அத்திட்டத்தின் கரு. அதனால்தான் இன்றும் அந்நாட்டில் இப்படிப்புக்கு விண்ணப்பிப்பவர், ஒரு பட்டத்தோடு நோயாளிகளுடன் நேரடியாகப் பணியாற்றிய அனுபவத்தையும் பெரும்பாலும் காட்ட வேண்டியுள்ளது.

இந்தியாவுக்கு இப்படிப்பைக் கொண்டுவந்தவர், 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் நாட்டின் முதல் இதயத் தமனி மாற்றுப்பாதை (பைபாஸ்) அறுவையைச் செய்தவராகப் போற்றப்படும் மருத்துவர் கே. எம். செரியன். 1992இல் அவருடைய முன்முயற்சியால் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதயவியலை மையமாகக் கொண்டு பயிற்சி தொடங்கியது. பைபாஸ் அறுவையில் உதவியாளர் செய்யும் ஒரு பணியை மட்டும் பார்த்தாலே அப்பயிற்சியின் கனம் விளங்கும். அறுவை மருத்துவர் மார்பைத் திறந்து இதயத்தை ஆயத்தப்படுத்தும் அதே நேரத்தில், உதவியாளர் நோயாளியின் காலில் தோலுக்கடியே ஓடும் நீண்ட சிரையைக் காயப்படுத்தாமல் பிரித்தெடுத்து, அதன் கிளைகளை ஒவ்வொன்றாகக் கட்டி, உள்ளே திரவம் செலுத்திக் கசிவு உண்டா என்று சோதித்துத் தர வேண்டும். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் இரத்தத்தை ஒரே திசையில் மட்டும் விடுவதால், எந்த முனை மேல், எந்த முனை கீழ் என்பதையும் குறித்துவைக்க வேண்டும். தலைகீழாகத் திருப்பித் தைத்தால்தான் இரத்தம் ஓடும். இதயத்துக்குப் புது வழி அமைக்கும் குழாய் இவருடைய கைவழியாகவே வருகிறது.

பின்னர் தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும், 1988இல் செயல்படத் தொடங்கிய தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழும் இது பி.எஸ்சி. பட்டப்படிப்பாக இடம்பெற்றது. மூன்று ஆண்டு வகுப்பும் ஓராண்டு ‘இன்டர்ன்ஷிப்’ என்னும் கட்டாய மருத்துவமனைப் பயிற்சியும் இதன் பொதுவான அமைப்பு. அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குச் சென்னையில் இயங்கும் மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழு, பி.பார்ம்., பிசியோதெரபி, டயாலிசிஸ் தொழில்நுட்பம் முதலியவற்றோடு சேர்த்து ஒரே விண்ணப்பத்தை இணையவழியில் பெறுகிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்களைக் கொண்டு தரவரிசைப் பட்டியல் வெளியிடப்பட்டு, மாநிலத்தின் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டின்படி கலந்தாய்வு நடைபெறும். அதியமான்கோட்டை மாணவி ஒருத்தி, மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றோடு, குடும்பத்தில் எவரும் பட்டம் பெறவில்லையெனில் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் இ-சேவை மையம் வழியே பெற்றுப் பதிவேற்றி, பிறப்பு எதுவாயினும் மதிப்பெண்ணின் பேரில் ஓரிடத்தைக் கோர முடிகிறது. டிரெஸ்ஸர் காலத்து வாசலோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் வாசல் அகன்ற அளவுக்கு, உள்ளே சென்று வெளிவந்தவரின் நிலை தெளிவாகவில்லை. எல்.எம்.பி. படித்தவருக்கு மருத்துவப் பதிவேட்டில் பெயர் இருந்தது. பிசிஷியன் அசிஸ்டென்ட் படித்தவருக்கு, இந்தியாவில் பயிற்சி தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வரை, நாடு முழுவதற்குமான சட்டப்பூர்வப் பதிவேடே இல்லை. என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை அந்தந்த மருத்துவமனையே முடிவு செய்துவந்தது. 2021ஆம் ஆண்டின் தேசிய இணைநிலை மற்றும் மருத்துவப் பராமரிப்புத் தொழில்கள் ஆணையச் சட்டமே இத்தொழிலை அட்டவணையில் சேர்த்து, மையப் பதிவேடு, மாநில மன்றங்கள், சீரான பாடத்திட்டம் ஆகியவற்றுக்கு வழிவகுத்தது. பிரிட்டனிலும் இதே தொழில் இரு பத்தாண்டுகள் ஒழுங்குமுறையின்றி வளர்ந்து, 2024 டிசம்பரில்தான் மருத்துவ மன்றத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது என்பதும், அடுத்த ஆண்டே இத்தொழிலினர் நோய் இன்னதென அறியப்படாதவர்களை முதலில் பார்க்கலாகாது என்று அரசு அமைத்த ஆய்வு பரிந்துரைத்தது என்பதும், எல்லை வகுப்பதைத் தள்ளிப்போட்டால் மருத்துவருக்கும் உதவியாளருக்கும் இடையே பிணக்கே வளரும் என்பதை உணர்த்துகின்றன.

இரு நூற்றாண்டு வரலாறு தரும் பாடம் இதுவே: தேவை நெருக்கும்போதெல்லாம் அரசும் மருத்துவமனையும் உதவியாளரை அழைத்தன, அவருக்குரிய எல்லையையும் ஏற்றத்தையும் வகுப்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் பின்னுக்குத் தள்ளின. டிரெஸ்ஸரும் ஹாஸ்பிடல் அசிஸ்டென்ட்டும் எல்.எம்.பி.யும் பயனற்றுப் போனதால் மறையவில்லை. அவர்களை மருத்துவத் துறையின் நிலையான உறுப்பாக ஏற்கும் துணிவு இல்லாததால் மறைந்தனர். இன்று விண்ணப்பிக்கும் மாணவர், கல்லூரிக்குப் பல்கலைக்கழக இணைப்பு உண்டா, பயிற்சிக்கு ஏற்ற அளவில் மருத்துவமனை உண்டா, பட்டம் பதிவுக்குத் தகுதி பெறுமா என்பவற்றைக் கேட்டறிந்தே சேர வேண்டும். அரசோ, மாநில மன்றத்தை முழு அளவில் இயக்கி, பதிவேட்டைத் திறந்து, மாவட்ட மருத்துவமனைகளில் நிரந்தரப் பணியிடங்களை உருவாக்க வேண்டும். சிற்றூர்களிலிருந்து கல்வி கற்றுச் செல்வோர் சிலரேனும் தம் வட்டாரத்துக்கே திரும்பி வருவதற்கு வேலையும் மதிப்பும் அங்கேயே காத்திருப்பதைவிட உறுதியான வழி வேறில்லை.